தாத்தா பாட்டியின் அரசியலும் பேரப்பிள்ளைகளின் கையறுநிலையும்

பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலில் நீதி பற்றிய வாதம் ஒரு முதியவரின் முன்னிலையில் தொடங்குகிறது. பேச்சு சூடுபிடிக்கும்போது கெஃபலஸ் என்ற அந்த முதியவர் வழிபாட்டைக் காரணம் காட்டி எழுந்து போய்விடுகிறார். வாதத்தை மகன் ஏற்றுக்கொள்கிறான். நூலின் ஏழாம் பகுதியில் பிளேட்டோ இன்னும் ஒருபடி மேலே போகிறார். புதிய நகரம் அமைய வேண்டுமானால் பத்து வயதுக்கு மேற்பட்டவர்களை வெளியே அனுப்பிவிட்டு, பிள்ளைகளைப் பெற்றோரின் பழக்கவழக்கங்கள் அண்டாமல் வளர்க்க வேண்டும் என்கிறார். மூத்தோரும் இளையோரும் அரசியலில் ஒருவருக்கொருவர் எதைச் சொல்லிக்கொள்ள முடியும் என்ற கேள்விக்குக் கிடைத்த பழைய விடைகளில் இது ஒன்று. 1789-இல் தாமஸ் ஜெஃபர்சன் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில், உலகம் உயிரோடிருப்பவர்களுக்கே உரியது என்றும் எந்தச் சட்டமும் 19 ஆண்டுகளுக்குமேல் இயல்பாக நீடிக்கக் கூடாது என்றும் வாதிட்டார். அடுத்த ஆண்டே எட்மண்ட் பர்க், சமூகம் என்பது இறந்தவர்களும் இருப்பவர்களும் பிறக்கப்போகிறவர்களும் சேர்ந்த கூட்டு என்று எதிர்த்திசையில் எழுதினார்.

இந்தப் பழைய வழக்குக்கு நம் காலத்தில் ஒரு புதிய அவசரம் வந்திருக்கிறது. இந்தியா உட்பட 10 நாடுகளில் 16 முதல் 25 வயதுவரை உள்ள 10,000 பேரிடம் காலநிலை மாற்றம் குறித்து நடத்திய ஆய்வு 2021-இல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியானது. கவலை, கோபம் ஆகியவற்றோடு, தங்களால் எதுவும் செய்ய முடியாது என்ற உணர்வையும் பாதிக்கும் மேற்பட்டோர் தெரிவித்தார்கள். காலநிலை ஓர் எடுத்துக்காட்டுதான். வேலை, சாதி, போர், மொழி என்று எதைத் தொட்டாலும் ‘நாம் என்ன செய்துவிட முடியும்?’ என்ற கேள்வி இளையவர்களிடமிருந்து வருகிறது. ‘எத்தனை ஆட்சி பார்த்தாச்சு, எவன் வந்தாலும் இதேதான்’ என்ற குரல் திண்ணையிலிருந்தும் வருகிறது. இந்த இரு குரல்களும் சந்தித்துப் பேசினால் கையறுநிலை குறையுமா, கூடுமா? இதுவரை சொல்லப்பட்ட விடைகளையும் அவற்றின் பலவீனங்களையும் இக்கட்டுரை பார்க்கிறது.

குடும்பம் எதைக் கடத்துகிறது?

அரசியல் வீட்டில்தான் கற்கப்படுகிறது என்ற கருத்து 1950-களின் அமெரிக்க ஆய்வுகளில் வலுப்பெற்றது. ஹெர்பர்ட் ஹைமன் 1959-இல் எழுதிய நூல் குடும்பத்தை முதன்மைப் பள்ளியாக வைத்தது. அதைச் சோதிக்கும் வாய்ப்பு 1965-இல் அமைந்தது. கென்ட் ஜென்னிங்ஸ், ரிச்சர்ட் நீமி இருவரும் பள்ளி இறுதியாண்டு மாணவர்கள் 1,669 பேரையும் அவர்களுடைய பெற்றோரையும் தனித்தனியாகப் பேட்டி கண்ட தரவுகளை ஆராய்ந்தார்கள். கட்சிப் பற்று ஓரளவு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்குப் போயிருந்தது. கொள்கை சார்ந்த கருத்துகளில் ஒற்றுமை எதிர்பார்த்ததைவிட மிகக் குறைவு. அதே மாணவர்கள் பெற்றோரான பிறகு 1997-இல் அவர்களுடைய பிள்ளைகளையும் சேர்த்துச் செய்த ஆய்வு ஒரு நிபந்தனையைத் தெளிவாக்கியது. அரசியல் அடிக்கடி பேசப்படும் வீடுகளிலும், பெற்றோரின் நிலைப்பாடு மாறாமல் இருக்கும் வீடுகளிலும்தான் கடத்தல் வலுவாக நடக்கிறது.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிதாக இருக்காது. ‘எங்க வீட்டு ஓட்டு எப்பவும் உதயசூரியனுக்குத்தான்’, ‘இரட்டை இலைக்குத்தான்’ என்று சொல்லும் வீடுகள் உண்டு. அதே வீட்டில் இட ஒதுக்கீட்டைப் பற்றியோ மதுவிலக்கைப் பற்றியோ மூன்று தலைமுறைக்கும் மூன்று கருத்து இருக்கலாம். இந்த ஆய்வுப் பள்ளியின் பெரிய குறை, தாத்தா பாட்டி அதில் ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதுதான். இரண்டு தலைமுறை ஒரே கூரையின்கீழ் வாழும் அமெரிக்க வீட்டை அளவுகோலாக வைத்து அமைத்த ஆய்வு அது.

இலியாஸ் தினாஸ் 2014-இல் வெளியிட்ட கட்டுரை இங்கே கவனத்துக்குரியது. அரசியல் மிகுதியாகப் பேசப்படும் வீடுகளில் வளரும் பிள்ளைகள் முதலில் பெற்றோரின் கட்சியையே பற்றிக்கொள்கிறார்கள். வெளியுலகில் அரசியலை நேரடியாகச் சந்திக்கும்போது அதைக் கைவிடும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகம். வீடு அவர்களுக்குத் தந்தது அரசியல்மீதான ஈடுபாடு. அந்த ஈடுபாடே அவர்களைப் புதிய கருத்துகளின்முன் கொண்டுபோய் நிறுத்துகிறது. பேரன் தன் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லையே என்று வருந்தும் தாத்தா தன் பேச்சு வீணாயிற்று என்று முடிவுகட்ட வேண்டியதில்லை என இதைப் படிக்கலாம்.

முறித்துக்கொள்ளச் சொன்னவர்கள்

இரண்டாவது மரபு, தலைமுறைகளுக்கு இடையிலான முறிவைத்தான் அரசியலின் இயக்கமாகக் கருதுகிறது. கார்ல் மான்ஹைம் 1928-இல் எழுதிய கட்டுரையின்படி, ஒரே காலத்தில் இளமையைக் கடந்தவர்கள் அக்காலத்தின் நிகழ்ச்சிகளால் வார்க்கப்படுகிறார்கள். பாரம்பரியத்தை அவர்கள் புதிய கண்ணோடு தொடுவதால்தான் சமூகம் மாறுகிறது. மார்கரெட் மீட் 1970-இல் இதை மேலும் நீட்டினார். தாத்தா பாட்டியைப் பார்த்தே தன் எதிர்காலத்தை அறிந்துகொள்ளும் சமூகங்கள் இருந்தன என்றும், இனி பிள்ளைகளிடமிருந்து மூத்தோர் கற்கவேண்டிய காலம் வந்துவிட்டது என்றும் சொன்னார். மான்ஹைம் கட்டுரையில் அதிகம் பேசப்படாத ஒரு குறிப்பும் உண்டு: மிக மூத்தவர்களும் மிக இளையவர்களும் நேரடியாக மோதுவதில்லை, நடுவிலுள்ள தலைமுறைகள் இடையில் நின்று மோதலைத் தணிக்கின்றன. பேரப்பிள்ளையோடு எளிதாகப் பேசும் முதியவர் மகனோடு அப்படிப் பேசுவதில்லை என்ற பொதுவான கவனிப்போடு இது சற்று முரண்படுகிறது. முறைப்படி சோதிக்கத்தக்க முரண் இது.

தமிழ்நாட்டில் முறிவின் மரபு மிகக் கூர்மையானது. 1925-இல் பிறந்த சுயமரியாதை இயக்கம் முன்னோர் சொன்னார்கள் என்பதை ஒரு வாதமாகவே ஏற்க மறுத்தது. சடங்கு, சாதி, பெண்ணடிமை ஆகிய மூன்றும் வீட்டுக்குள், பெரியவர்கள் வழியாகவே கடத்தப்படுகின்றன என்பதை அது கண்டுகொண்டது. இன்றைக்கும் இந்தக் குற்றச்சாட்டுக்கு முழுமையான பதில் இல்லை. தாத்தா பாட்டியோடு அரசியல் பேசுவதைப் பாராட்டும் எவரும், பல வீடுகளில் அந்தப் பேச்சின் உள்ளடக்கம் சாதிப் பெருமையாக இருக்கும் என்பதை மறைக்கக் கூடாது.

ஆனால் இந்த வரலாற்றிலேயே ஒரு மறுபக்கமும் உண்டு. மூத்தோர் வாக்கை மறுக்கச் சொன்ன பெரியார் 1973-இல் 94 வயதில் மறையும்வரை ஊர் ஊராகப் பேசினார். கடைசி ஆண்டுகளில் அவர் முன் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் அவருக்குப் பேரப்பிள்ளை வயதினர். சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967-இல் அண்ணா அரசு சட்ட ஏற்பு அளித்தபோது இயக்கத்துக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. இன்று தாத்தா பாட்டியும் அப்பா அம்மாவும் தாலி இல்லாமல் திருமணம் செய்துகொண்ட குடும்பங்களில் பேத்தி வளர்கிறாள். மரபை மறுப்பதே அங்கே குடும்ப மரபு. முறிவும் தொடர்ச்சியும் எதிரெதிர் என்று கொள்ளும் கோட்பாடுகள் இத்தகைய வீடுகளை விளக்கத் தடுமாறுகின்றன.

கையறுநிலை கற்கப்படுவதா?

1967-இல் மார்ட்டின் செலிக்மன், ஸ்டீவன் மேயர் இருவரும் நாய்களைக் கொண்டு நடத்திய சோதனைகளை வெளியிட்டார்கள். தப்பிக்க வழியே இல்லாமல் மின்னதிர்ச்சி பெற்ற நாய்கள், பிறகு வழி திறந்திருந்தபோதும் முயலாமல் படுத்துக்கிடந்தன. முயற்சி பயன் தராது என்பதை அவை கற்றுக்கொண்டுவிட்டன என்று விளக்கினார்கள். கற்றுக்கொண்ட கையறுநிலை என்ற இந்தக் கருத்து அரசியல் எழுத்தில் தாராளமாகப் புழங்கியது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 2016-இல், அதே இருவரும் மூளை ஆய்வுகளின் அடிப்படையில் தங்கள் விளக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். நீண்ட துன்பத்தின்முன் செயலற்றுப்போவதுதான் இயல்பான எதிர்வினை. கற்கப்படுவது, நம் செயலால் ஏதோ மாறுகிறது என்ற கட்டுப்பாட்டுணர்வு.

நம் கேள்விக்கு இந்தத் திருத்தம் மிகவும் முக்கியமானது என்று நினைக்கிறேன். இளையவர்களின் சோர்வு ஒரு கெட்ட பாடத்தின் விளைவு என்றால், ‘மனம் தளராதே’ என்று சொல்லி அந்தப் பாடத்தை அழிக்க முயலலாம். கற்கவேண்டிய ஒன்று இன்னும் கற்கப்படவில்லை என்றால் வேலையே வேறு. அது யாரிடமிருந்து, எப்படிக் கற்கப்படும் என்று கேட்க வேண்டும்.

ஆல்பர்ட் பண்டூரா 1977 முதல் வளர்த்த கோட்பாடு இதற்கு ஒரு வரிசை தருகிறது. ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று, தானே செய்து பார்த்த அனுபவம். அடுத்தது, தன்னைப் போன்ற ஒருவர் செய்ததைக் காண்பது. வெறும் ஊக்கச் சொற்கள் அவற்றைவிட வலுக்குறைந்தவை. தாத்தா பாட்டியின் பேச்சு இரண்டாவதாகவும் அமையலாம், மூன்றாவதாகவும் அமையலாம். ‘நாங்கள் அந்தக் காலத்தில் எப்படிப் போராடினோம் தெரியுமா, நீங்களும் இருக்கிறீர்களே’ என்பது மூன்றாம் வகைகூட இல்லை, அது கண்டனம். யார் கூட்டத்தைக் கூட்டினார்கள், துண்டறிக்கைக்குக் காசு எங்கிருந்து வந்தது, எந்த இடத்தில் பயந்து பின்வாங்கினார்கள், அப்போது என்ன வயது என்று சொல்லும் கதை வேறு வகை. கேட்பவர் தன்னைப் போன்ற ஒருவரை அதில் காண முடியும்.

எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் இருவரும் 2001-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிள்ளைகளிடம் குடும்ப வரலாறு பற்றிய 20 கேள்விகளைக் கேட்டார்கள். தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், பெற்றோர் எப்படிச் சந்தித்தார்கள் போன்றவை. விடை அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தங்கள் வாழ்க்கைமீதான கட்டுப்பாட்டுணர்வும் தன்மதிப்பும் கூடுதலாக இருந்தன. ஏற்றம் மட்டும் சொல்லும் கதையைவிடவும் வீழ்ச்சி மட்டும் சொல்லும் கதையைவிடவும், இரண்டும் கலந்த கதையே பிள்ளைகளை உறுதியாக்குகிறது என்று டியூக் கருதினார். இவ்வாய்வு தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிறுவவில்லை. நன்றாக இருக்கும் குடும்பங்களில் பேச்சும் அதிகம் இருக்கும், பிள்ளைகளும் நன்றாக இருப்பார்கள் என்று எளிதாக மறுக்கலாம். குடும்பக் கதை அரசியல் கதையாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் அது கேட்கவில்லை.

அந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் வைத்துப் பார்க்கலாம். 1965-இல் 20 வயதில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் நின்ற மாணவருக்கு 2017 சல்லிக்கட்டுப் போராட்டத்தின்போது 72 வயது. மெரினாவில் சனவரி 17 அன்று தொடங்கிய கூடல் ஒரு வாரத்துக்குள் சட்டத் திருத்தத்தைப் பெற்றுவிட்டது. சட்டம் நிறைவேறிய 23-ஆம் தேதியே காவல்துறை கூட்டத்தைக் கலைத்தது. 1965-இன் கதை நீளமானது. துப்பாக்கிச் சூடுகள், சிதம்பரத்தில் மாணவர் இராசேந்திரனின் மரணம், 1967-இல் ஆட்சி மாற்றம், 1968-இல் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் என்று ஆண்டுகளாக நீண்டது. அதற்கும் பின்னால் 1938–39-இன் போராட்டமும், சிறையிலிருந்த காலத்தில் உயிரிழந்த நடராசனும் தாளமுத்துவும் இருக்கிறார்கள். ஒரு வாரத்தில் வென்றதை மட்டும் அறிந்த தலைமுறை, அடுத்த போராட்டம் ஒரு வாரத்தில் வெல்லாதபோது சோர்ந்துவிடும் என்பது என் ஊகம். நீண்ட கதையை அறிந்த மூத்தோர் அந்தத் தலைமுறையின் வீடுகளிலேயே இருந்தார்கள். அவர்களிடம் எத்தனை பேரப்பிள்ளைகள் கேட்டார்கள் என்பதை யாரும் அளக்கவில்லை.

மலையகம்: மூன்று தலைமுறை

மூத்தோரின் நீண்ட கதை நம்பிக்கை தருமா, கையறுநிலை தருமா என்ற கேள்விக்கு, தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டோரின் வழிவந்த இலங்கை மலையகத் தமிழரின் பிரஜாவுரிமைக் கதை ஏறக்குறைய ஒரு சோதனைக்களம். 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அடுத்த ஆண்டு ஓட்டுரிமையும் போயிற்று. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டு, 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது. அந்த மக்களிடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. மிஞ்சியோருக்கான தீர்வு 2003-இன் சட்டத்தோடுதான் பெரும்பாலும் நிறைவுபெற்றது. 1948-இல் 20 வயதில் இருந்த கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு அப்போது 75 வயது.

இந்த 55 ஆண்டுகளை, லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீட்டில் வளரும் பேத்திக்கு இரண்டு விதமாகச் சொல்லலாம். கொண்டுவரப்பட்டோம், எண்ணப்பட்டோம், பங்கு போடப்பட்டோம் என்பது ஒன்று. இன்னொரு கதையில் 1940-இல் முல்லோயா வேலைநிறுத்தத்தில் சுடப்பட்ட கோவிந்தன் வருகிறார். 1977-இல் டெவன் தோட்டத்து நிலம் பறிபோவதை எதிர்த்த போராட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணன் வருகிறார். 1986-இன் தொடக்கத்தில் வேலைக்குப் போகும் நேரத்தில் கூடிப் பிரார்த்தனை செய்து உழைப்பை நிறுத்திவைத்த தொழிலாளர்கள் வருகிறார்கள். நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் அதே ஆண்டு வந்தது. முதல் கதையில் ஒரு பொய்யும் இல்லை. அது மட்டுமே சொல்லப்பட்டால், தன் கையில் எதுவும் இல்லை என்பதைப் பேத்தி முழு வரலாற்றுச் சான்றோடு கற்றுக்கொள்கிறாள். இரண்டாவது மட்டும் சொல்லப்பட்டால், இவ்வளவு வென்றபின்னும் ஏன் இன்னும் லயத்தில் இருக்கிறோம் என்ற அவளுடைய கேள்விக்குப் பதில் இருக்காது.

2023-இல் மலையகத்தின் இருநூறாண்டை ஒட்டி, முன்னோர் வந்து இறங்கிய தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மக்கள் நடந்தார்கள். காப்பித் தோட்டங்களுக்குப் போகும் வழியில் காட்டில் நோயிலும் பசியிலும் ஏராளமானோர் இறந்த பாதை அது. நினைவைக் காலால் தொட்டு, அதோடு நிலம், வீடு, கூலி பற்றிய கோரிக்கைகளையும் சேர்த்து வைத்த முறை இது. பண்டூராவின் வரிசையில் பார்த்தால், கேட்டறிந்த கதை இங்கே சொந்தச் செயலாக மாறுகிறது. இதிலும் எச்சரிக்கை தேவை. ஒப்பந்தத்தின்படி கப்பலேறி நீலகிரிக்கும் பிற இடங்களுக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்தக் கதையின் வெற்றிப் பகுதியைத் தங்களுடையதாகக் கேட்பது கடினம். உரிமை மீட்ட கதையை வைத்துக் கோட்பாடு கட்டும்போது அவர்கள் கணக்கிலிருந்து விழுந்துவிடுகிறார்கள்.

நினைவின் பிழைகள்

குடும்ப நினைவை நம்பலாமா என்ற ஐயத்தை மிகக் கடுமையாக எழுப்பியவர் ஹரால்ட் வெல்சர். அவரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட, தாத்தா நாஜி இல்லை என்ற பொருள்படும் தலைப்பு கொண்ட நூல், 40 ஜெர்மானியக் குடும்பங்களில் மூன்று தலைமுறையினரின் பேச்சைப் பதிவுசெய்தது. பேரப்பிள்ளைகளுக்கு நாஜிக் கொடுமைகள் பற்றிப் பள்ளியில் நன்றாகவே தெரிந்திருந்தது. ஆனால் தாத்தா சொன்ன மங்கலான சம்பவம் ஒவ்வொரு தலைமுறையிலும் நல்லதாக மாறி, கடைசியில் அவர் யாரையோ காப்பாற்றியவராக ஆகிவிட்டார். அன்புதான் அங்கே வரலாற்றைத் திருத்துகிறது. தமிழ்நாட்டிலும் இதே கேள்வி எழுகிறது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் தலித் விவசாயக் கூலிக் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அந்த நாள் கொன்றவர்களின் வீடுகளில் பேரப்பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லப்படுகிறது என்ற கேள்வி தமிழில் இன்னும் கேட்கப்பட வேண்டியதே.

பாதிக்கப்பட்டவர்களின் வீடுகளில் வேறு ஒன்று நடக்கிறது. 1944-இல் நாடுகடத்தப்பட்ட கிரிமியத் தாத்தர் குடும்பங்களில் மூன்று தலைமுறையினரிடம் நோம் லுபு, லியனிட் பெய்சாகின் இருவரும் நடத்திய ஆய்வு 2017-இல் வெளியானது. கூடுதலாகத் துன்பப்பட்டவர்களின் வழித்தோன்றல்களிடம் அரசியல் பங்கேற்பு கூடுதலாக இருந்தது. குழுப் பற்றும் ரஷ்யாமீதான பகையும் கூடுதலாக இருந்தன. செயலூக்கமும் பகையும் ஒரே கதையின் வழியாக வருகின்றன என்பதை இது உணர்த்துகிறது. ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை விட முடியுமா என்பதற்கு அந்தத் தரவில் விடை இல்லை.

கீழிருந்து மேலே

பேச்சு மறுதிசையிலும் பாய்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் தேர்தல் குறித்த பாடத்திட்டம் ஒன்றை ஆராய்ந்த மைக்கேல் மெக்டெவிட், ஸ்டீவன் சாஃபி இருவரும், பிள்ளைகள் வீட்டில் தொடங்கிய பேச்சால் பெற்றோரின் செய்தி ஆர்வமும் அரசியல் அறிவும் கூடியதைக் காட்டினார்கள். அயர்லாந்தில் 2015-இல் ஒருபாலினத் திருமணம் குறித்த பொதுவாக்கெடுப்பின்போது, பாட்டிக்குத் தொலைபேசியில் பேசுங்கள் என்று மாணவர்கள் ஓர் இயக்கமே நடத்தினார்கள். 62 விழுக்காட்டினர் ஆதரித்து வாக்களித்தார்கள். அதில் பாட்டிகளின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலாது. மறுபுறம், 2016 அமெரிக்கத் தேர்தலில் 65 வயதுக்கு மேற்பட்டோர் இளையோரைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு பொய்ச்செய்திகளை முகநூலில் பகிர்ந்ததாக 2019-இல் வந்த ஓர் ஆய்வு கண்டது. தாத்தாவின் வாட்ஸாப் செய்தியைத் திருத்தும் பேத்திக்கு, மரியாதை குறையாமல் அதைச் செய்வது எப்படி என்று சொல்லித்தர எந்தப் பாடமும் நம்மிடம் இல்லை.

மூத்தோர் தாமே களத்தில் இறங்கியதும் உண்டு. அர்ஜென்டினாவில் 1977-இல் கூடிய மே சதுக்கப் பாட்டிமார், சர்வாதிகாரம் களவாடிய பேரப்பிள்ளைகளைத் தேடினார்கள். பெற்றோர் உயிரோடு இல்லாதபோது பாட்டியின் இரத்தத்தைக் கொண்டே உறவை நிறுவும் முறையை அவர்களுக்காக மரபணு அறிஞர் மேரி-கிளேர் கிங் உருவாக்க உதவினார். இதுவரை 130-க்கும் மேற்பட்டோர் கண்டறியப்பட்டிருக்கிறார்கள். 2024 ஏப்ரல் 9 அன்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் சுவிட்சர்லாந்தின் மூத்த பெண்கள் தொடுத்த காலநிலை வழக்கில் அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. அதே நாளில், போர்ச்சுகலின் ஆறு இளையோர் 30-க்கும் மேற்பட்ட நாடுகள்மீது தொடுத்த வழக்கை ஏற்க மறுத்தது. முதியவர்கள் உள்நாட்டு நீதிமன்றங்களின் எல்லாப் படிகளையும் ஏறிவிட்டு வந்திருந்தார்கள், இளையவர்கள் அப்படி வரவில்லை என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று. காத்திருக்கும் பொறுமை முதுமைக்கு உரியது என்று பொதுமைப்படுத்தக் கூடாது. எனினும் நடைமுறையை அறிந்திருப்பதும் ஓர் ஆற்றல் என்பதை இந்த இரு தீர்ப்புகளும் அருகருகே நின்று காட்டுகின்றன.

எவை முடிவாகவில்லை

கட்சிப் பற்றின் கடத்தல் ஓரளவு நிறுவப்பட்டிருக்கிறது. நம்பிக்கையின் கடத்தல் நிறுவப்படவில்லை. தாத்தா பாட்டியின் தாக்கத்தைப் பெற்றோரின் தாக்கத்திலிருந்து பிரித்தறிவது கடினம். மூன்று தலைமுறையையும் சேர்த்துப் பார்த்த ஆய்வுகள் சிலவே, அவையும் பெரும்பாலும் மேற்கில் நடந்தவை. பேச்சு மட்டும் போதுமா, அதோடு ஒரு சிறு செயலாவது சேர்ந்தால்தான் கட்டுப்பாட்டுணர்வு பிறக்குமா என்பதில், பின்னதையே கிடைக்கும் சான்றுகள் சற்று ஆதரிக்கின்றன. ஆனால் அந்தச் சான்றுகள் உளவியல் கூடங்களிலிருந்து வருகின்றன. வாக்குச்சாவடியிலிருந்தோ போராட்டக் களத்திலிருந்தோ வரவில்லை.

இன்னொன்று, யாருடைய அரசியல் நினைவு பேச்சாக எண்ணப்படுகிறது என்பது. சிறைக்குப் போன தாத்தாவின் கதை வீட்டில் திரும்பத் திரும்பச் சொல்லப்படலாம். அவர் சிறையில் இருந்தபோது கூலிக்குப் போய்ப் பிள்ளைகளைக் காப்பாற்றிய பாட்டியின் நினைவு சமையற்கட்டைத் தாண்டாமல் போகலாம். தமிழ்க் குடும்பங்களில் பேரப்பிள்ளைகள் யாரிடம் அரசியல் கேட்கிறார்கள், பேத்திக்கும் பேரனுக்கும் ஒரே கதைதான் சொல்லப்படுகிறதா என்பதைப் பதிவுசெய்யும் வேலை அவசரமானது. 1965-இன் மாணவர்களும் பிரஜாவுரிமை இழந்த நாளை நேரில் கண்ட மலையகத்தாரும் இன்று எண்பது, தொண்ணூறு வயதில் இருக்கிறார்கள்.